ஐப்பசிச் சலவை

செலினின் பாடப்புத்தகத்தில்
இலையுதிர் காலம் என்று ஒரு படம்.
சிவந்த மரம், கீழே ஓடும் பையன்.
"நம்ம ஊர்ல இது எப்பம்மா?"
நம்ம ஊரில் இலை உதிராது,
பறித்தால்தான் வரும் என்றேன்.
சில்வர் ஓக் மட்டும் கொஞ்சம் உதிர்க்கும்,
அதுவும் சாக்கடையை அடைக்க.

ஒன்பது நாளாக வெயில் இல்லை.
கோத்தகிரியையே யாரோ துவைத்து
பிழியாமல் போட்டுவிட்ட மாதிரி.
வீட்டுக்குள் நான்கு கொடி.
மாதா படத்து ஆணியிலிருந்து
ஜன்னல் கம்பி வரை ஒன்று;
செய்தி வாசிப்பவர் முகத்தின்மேல்
ரெமியின் டவுசர் ஆடுகிறது.
சாக்ஸைத் தோசைக்கல்லில் புரட்டிப் பார்த்தேன்,
ஃபிரிட்ஜின் முதுகில் சாத்திப் பார்த்தேன்.
இஸ்திரிப் பெட்டியைத் தொட்டால்
கரண்டு போகும்.
பள்ளிக்கூடச் சட்டைக் காலரில்
மிளகுத்தூள் தூவினாற்போல் பூஞ்சை.

பிறகுதான் உறைத்தது,
அவருக்கு நெருப்போடுதானே வேலை.

டானிங்டன் பக்கம் வர்க்கி போடும் பேக்கரி.
இரவு எட்டுக்குப் போனால்
விடிய ஐந்தரைக்கு வருவார்.
ஏழு மணிக்கு நான் காட்டில் நிற்க வேண்டும்.
நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம்
எங்கள் கல்யாணம்.
அதிலும் பாதி
வாய் திறந்தபடி தூங்கிவிடுவார்.

மைதா சாக்கில் யூனிஃபார்மைச் சுருட்டி
கையில் கொடுத்தேன்.
"முதலாளி பார்த்தா?"
"அவரு வேட்டியும் அங்கதான் தொங்குது" என்றார்.

காலையில் சாக்கைப் பிரித்தால்
சட்டைகள் அப்பளம்போல் நின்றன.
அடியில் காகிதப் பொட்டலம்,
உடைந்த வர்க்கி, விற்காத மூலைகள்.
ரெமி சட்டைக் கையைச் சப்பிப் பார்த்தான்.
பள்ளிக்கூட வாசல்வரை
அவனை ஒரு நாய் விடவில்லை.
செலின் எட்டாவது.
"என்னடி கொண்டாந்திருக்க" என்று
பெஞ்சு முழுக்கக் கேட்கிறார்களாம்.
அழுதாள். மறுநாள்
அரை டப்பா பவுடரைக் கொட்டிக்கொண்டு போனாள்.
பவுடரும் வர்க்கியும் சேர்ந்து
ஞானஸ்நான வீடு மாதிரி இருந்தாள்.

கல்லறைத் திருநாளன்றும் அதே கதை.
மெழுகுவத்தி பற்றவேயில்லை;
ஒரு பெட்டித் தீக்குச்சி தீர்ந்தது.
அவர் வெள்ளைச் சட்டையில்
தன் அப்பாவின் சிலுவைக்கு முன்னால் நின்றார்,
சுற்றிலும் நெய் வாசனை.
"தாத்தாவுக்குப் பசிக்கப்போவுது" என்றான் ரெமி.
பக்கத்துக் கல்லறைக்காரர்கள்கூடச் சிரித்தார்கள்.

வியாழக்கிழமை சாக்கைப் பிரித்தேன்.
சட்டை, பாவாடை, இரண்டு துண்டு,
அடியில் என் அரக்கு ஸ்வெட்டர்.

நான் அதை வைக்கவில்லை.
நான்கு நாளாக ஓட்டின் கீழ்
சொட்டிக்கொண்டு கிடந்தது.
அதற்கு மேல் படங்கைக் கட்டிக்கொண்டால்
யாருக்குத் தெரியப்போகிறது என்று
விட்டுவைத்திருந்தேன்.

அவர் கட்டிலில், ஒரு காலில் செருப்போடு
குறட்டைக்குள் போயிருந்தார்.
முழங்கைக் கிழிசலில் மாவு ஒட்டியிருந்தது.
எழுப்பிக் கேட்கலாமா என்று நின்றேன்.
டீ ஆறிக்கொண்டிருந்தது.
போட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன்.

நிரையில் பக்கத்தில் நின்ற பவுனு
மூக்கை நீட்டினாள்.
"யார் வீட்லக்கா பலகாரம்?"
"எங்க வீட்லதான்."
இலை பறிக்கும் கை நிற்காமல்
சொல்ல வேண்டியிருந்தது,
கூடையைப் பார்த்தபடி.

பத்து மணிக்கு மழை பிடித்தது.
மதியம் ஸ்வெட்டர்
வழக்கம்போல் நனைந்த ஆட்டுக்குட்டி.
அட்டை இரண்டு, காலில்.
மூன்று மணி நேரம்
சூடாக இருந்தேன், அவ்வளவுதான்.

சாயங்காலம் சாக்கைக் கட்டும்போது
அவருடைய மஃப்ளரைத் தொட்டுப் பார்த்தேன்.
பிழிந்தால் சொட்டும்.
அடுப்போடு நிற்கிறவர்தானே என்று
இத்தனை நாள் தொட்டதேயில்லை.
போகிற வழி முழுக்க மழைதானே.
மடித்து மேலாக வைத்தேன்.

"கொஞ்சம் அமுக்கி வையும்மா,
என் பாவாடைக்கு இடம் வேணும்"
என்றாள் செலின்,
மூக்கைப் பிடித்துக்கொண்டு.